எந்தப் படி?

உடல் பரிசோதனைக்குப் போன இடத்தில் வரவேற்பு மேசைப் பெண் உயரம் கேட்டார். ஐந்தடி ஆறங்குலம் என்றேன். அவருடைய கணினி அடி, அங்குலம் எதையும் வாங்கிக்கொள்ளாது. கைப்பேசியில் ஏதோ தட்டிப் பார்த்து 167.64 செ.மீ. என்று பதிந்துகொண்டார்.

அந்த ஐந்தடி ஆறங்குலத்தின் பூர்வோத்திரம் எனக்குத் தெரியும். கல்லூரியில் தேசிய மாணவர் படைக்கு ஆள் எடுத்தபோது ஒரு ஹவில்தார் என்னைச் சுவரில் கிழித்த கரிக்கோட்டோரம் நிறுத்தி, மண்டை மேல் பிரம்பை வைத்து, "அஞ்சு ஆறு, அடுத்தவன் வா!" என்று கத்தினார். பிரம்புக்கும் மண்டைக்கும் நடுவே அன்று அடர்த்தியான முடி இருந்தது. இன்று முடியும் இல்லை, முதுகும் அவ்வளவு நேராக இல்லை. ஆனாலும் உயரம் மட்டும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாகிவிட்டது. பெருக்கலில் தப்பில்லை, ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர், சரியாக 2.54, கூடக் குறைய இல்லை. 66 அங்குலத்துக்கு 167.64தான் வரும். தப்பெல்லாம் ஹவில்தாரின் பிரம்பில்.

நான் வளர்ந்த கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் இப்படியொரு துல்லியம் யாருக்கும் வாய்த்ததில்லை. அங்கே இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. எல்லாமே இரட்டிப்பு, எல்லாமே பாதி. பின்னாளில் கணிப்பொறிக்காரர்கள் இரண்டின் மடங்குகளைப் பெரிய கண்டுபிடிப்பு போலச் சொன்னபோது என் அப்பாயியின் அரிசிப் பானைதான் நினைவுக்கு வந்தது. படிக்கு மேலே போனால் மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். மரக்காலுக்கு எத்தனை படி என்று கேட்டால்தான் சிக்கல். எங்கள் பக்கம் இரண்டு, பட்டணத்துப் பக்கம் எட்டு. படியும் ஊருக்கு ஊர் வேறு.

அதனால் அப்பாயியிடம் யாராவது "நாலு படி அரிசி" என்று சொன்னால் உடனே அவர் வாயிலிருந்து வரும் கேள்வி, "எந்தப் படி?" அது முடிந்ததும் அடுத்தது: "கோபுரமாவா, தலை தட்டியா?" குவித்து அளந்த படிக்கும் விளிம்போடு கையால் வழித்து அளந்த படிக்கும் இடையே ஒரு கைப்பிடி அரிசி போகும். நெல்லா, அரிசியா, உளுந்தா என்பது மூன்றாவது. எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி இந்த மூன்றையும் தெரிந்துகொள்ளாமல் கணக்கைத் தொடங்கியதில்லை. தொடங்கிய பிறகும் முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணமாட்டார்கள். "லாபம்... ரெண்டு... மூணு..." என்றுதான் போகும். கணக்கில் அந்த லாபம் ஒன்றுதான் என்றாலும் களத்தில் யாருக்கு லாபம் என்பது மரக்காலைப் பிடித்திருந்த கையைப் பொறுத்தது.

அப்பாயியின் சந்தேகம் ஆயிரம் வருடப் பழசு என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பற்றிப் படித்தபோதுதான் தெரிந்தது. ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த பொன்னின் எடையை மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை. 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்த பொன், 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லால் நிறுத்த நகை என்று எந்த எடைக்கல் என்பதையும் சேர்த்தே வெட்டி வைத்திருக்கிறான். நெல்லுக்கும் அப்படியே; ராஜகேசரிக்குச் சமமான ஆடவல்லான் மரக்கால் என்று பெயர் சொல்லி அளந்திருக்கிறார்கள். இன்னும் பல ஊர்களில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே கோடாகச் செதுக்கிவிட்டார்கள். சந்தேகம் வந்தால் போய் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். சாமி சாட்சி என்று வாயால் சொல்வதைவிட இது மேல்.

இதை வைத்து, அந்தக் காலத்தில் எல்லோரும் யோக்கியமாக இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. எங்கள் பக்கத்துப் பண்ணை வீடுகளில் குத்தகை நெல் வாங்க ஒரு மரக்கால், கூலி நெல் போட ஒரு மரக்கால் என்று இரண்டு இருந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எது பெரியது என்று சொல்லத் தேவையில்லை. இரண்டுக்கும் பெயர் ஒன்றே. தஞ்சை மாவட்டத்துக் கூலிச் சண்டைகள் எல்லாம் படிக்கணக்கில்தான் நடந்தன. 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் நடந்த படுகொலைக்குப் பின்னால் இருந்ததும் அப்படியொரு சண்டைதான். 'எந்தப் படி' என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை.

எங்கள் அப்பா கும்பகோணத்தில் ஒரு சிறிய மளிகைக்கடை வைத்திருந்தார். 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. முட்டாள்கள் தினத்தில் ஆரம்பித்தார்கள் என்று கடைக்கு வந்த தமிழாசிரியர் ஒருவர் கிண்டல் செய்தார். அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. இனி ரூபாய்க்கு நூறு நயா பைசா. அப்படியானால் ஓர் அணா ஆறேகால் நயா பைசா. அந்தக் காலை யார் தருவது, எந்த நாணயத்தில் தருவது? அரசாங்கம் ஒரு பட்டியல் போட்டது. ஓர் அணா 6, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25. காலணா 2, அரையணா 3, முக்காலணா 5. அப்பா அதைத் தடித்த அட்டையில் எழுதிக் கல்லாப் பெட்டிக்கு மேல் தொங்கவிட்டார். பழைய காசும் புதிய காசும் சேர்ந்தே புழங்கிய காலம் அது.

அட்டை தொங்கிய வாரமே அதன் சூட்சுமத்தை அப்பா பிடித்துவிட்டார். காலணா என்பது உண்மையில் 1.5625 நயா பைசா. அது முழுசாகி 2 ஆகிறது. பையன்கள் காலணாக் கமர்கட்டை ஒவ்வொன்றாக நான்கு முறை வாங்கினால் எட்டு நயா பைசா. நான்கையும் ஒன்றாக வாங்கினால் ஓரணா, அதாவது ஆறே நயா பைசா. கமர்கட்டை மொத்தமாகக் கேட்ட பையன்களிடம் அப்பா, "பல்லு கெட்டுடும் தம்பி, இப்ப ஒண்ணு வாங்கிக்க, அப்புறமா வா" என்று அக்கறையோடு சொல்ல ஆரம்பித்தது அந்த வாரத்திலிருந்துதான். ஓரணாச் சாமான்களில் கதை தலைகீழ். நான்கு முறை தனித்தனியாகக் கொடுத்தால் 24, சேர்த்துக் கொடுத்தால் 25. அதில் அப்பா, "சேத்தே வாங்கிட்டுப் போங்கம்மா, எதுக்கு நாலு நடை" என்பார். கணக்கின் நடுவழியில் முழுசாக்காதே, கடைசியில் ஒரே ஒரு முறை முழுசாக்கு என்று பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் எங்களை அடித்துச் சொல்லிக்கொடுத்தது. அடிபடாமலே அது தெரிந்திருந்தவர் அப்பா. எப்போது கடைப்பிடிக்க வேண்டும், எப்போது கூடாது என்பதும் சேர்த்துத் தெரிந்திருந்தது.

காசுக்குப் பின்னாலேயே எடை மாறியது. 1956-இல் எடை அளவுச் சட்டம் போட்டார்கள். 1958 அக்டோபரில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வீசை, பலம், மணங்கு எல்லாம் சட்டவிரோதம் ஆயின. சேர் விஷயத்தில் எங்களுக்குப் பெரிய வேடிக்கை. சட்டத்தின் அட்டவணையில் ஒரு சேர் 0.9331 கிலோ என்று போட்டிருந்தது. அது வடக்கத்திச் சேர், எண்பது தோலா. எங்கள் சேரோ இருபத்துநாலு தோலா. ஐந்து சேர் சேர்ந்தால்தான் 1.4 கிலோ, அதாவது ஒரு வீசை. வடக்கேயிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம் "அரை சேர் சர்க்கரை" கேட்டு, வாங்கிய பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு அப்பாவை ஏற இறங்கப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். இருவரும் நேர்மையானவர்கள்; நடுவில் ஐந்நூறு கிராமில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம்.

புது எடைக்கற்கள் அறுகோண இரும்பில் வந்தன. அடியில் ஒரு குழி, குழியில் ஈயம், ஈயத்தில் முத்திரை. வருடா வருடம் முத்திரை ஆய்வாளர் வந்து பார்ப்பார். பழைய கற்கள் கடைக்குப் பின்னால் ஊறுகாய் ஜாடி மூடி மேல் பாரம் வைக்கப் போய்ச் சேர்ந்தன. ஆனால் வாடிக்கையாளர்களின் நாக்கில் யார் முத்திரை குத்த முடியும்? "மூணு பலம் கடுகு குடுங்க" என்றுதான் கேட்பார்கள். அப்பா நூறு கிராம் கல்லைப் போடுவார். "ரெண்டும் ஒண்ணுதாம்மா." ஒரு பலம் 35 கிராம்; மூன்று பலம் 105. அந்த ஐந்து கிராம் கடுகு அட்டைப் பட்டியலில் இல்லை. இதையெல்லாம் தவறு என்று சொன்னால் கேட்க அப்பா இப்போது இல்லை. அவரைப் பொறுத்தவரை அது கணக்கின் வசதி.

பொன்னில் மட்டும் சமரசம் வேறு விதமாக நடந்தது. பிரிட்டிஷ் சவரன் நாணயம் 7.988 கிராம். அதை 8 கிராம் என்று ஆக்கிக்கொண்டு, பெயரைச் சவரன் என்றே விட்டுவிட்டார்கள். நாணயம் போய்விட்டது, ராணி போய்விட்டார், கிராம் வந்துவிட்டது. ஆனால் கல்யாணப் பேச்சில் இன்றும் ஐம்பது சவரன்தான். யாரும் நானூறு கிராம் என்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிக் கேட்டதில்லை. உலகச் சந்தையில் அதே தங்கம் ட்ராய் அவுன்சில் விலை போகிறது. ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம், மளிகை அவுன்ஸ் 28.35 கிராம். அமெரிக்கச் செய்தியில் அவுன்ஸ் விலையைப் பார்த்து, 28.35-ஆல் வகுத்து, நம் நகைக்கடைக்காரர் மலிவாகத் தருகிறார் என்று மகிழ்ந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. மகிழ்ச்சி அரிது.

இப்போது என் வீட்டுக்கு வருவோம். மருமகள் அமெரிக்கப் பெண்மணி ஒருவர் சொல்லித்தரும் காணொளியைப் பார்த்துக் கேக் செய்கிறாள். "350 டிகிரியில் வையுங்கள்" என்கிறார் அந்த அம்மாள். எங்கள் அடுப்பின் திருகு 250-க்கு மேல் சுற்றாது. பேரன் உடனே கைப்பேசியில் பார்த்து, "176.67 வைக்கணும்மா" என்கிறான். திருகில் 150, 200 என்று இரண்டு கோடுகள். நடுவில் மருமகளின் கட்டைவிரல். மாவு இரண்டு கப் என்றால் எந்தக் கப்? அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மில்லி. அழுத்தி அடைத்தால் ஒரு எடை, சலித்துத் தூவினால் வேறு எடை. கோபுரமா, தலை தட்டியா என்று அந்த அம்மாள் சொல்வதே இல்லை. அப்பாயி இட்லிக்குச் சொல்லித் தந்தது நாலுக்கு ஒன்று. நான்கு அரிசிக்கு ஓர் உளுந்து. படியோ டம்ளரோ கொட்டாங்குச்சியோ, எதால் வேண்டுமானாலும் அளந்துகொள்ளலாம், ஒரே பாத்திரமாக இருந்தால் போதும். அந்தக் கணக்கைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு எடுத்துப் போனாலும் மாற்ற வேண்டியதில்லை.

வெப்பத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. என் சிறு வயதில் டாக்டர் தெர்மாமீட்டரை உதறி, வாயில் வைத்து, 98.4 தாண்டினால் காய்ச்சல் என்பார். இப்போது 98.6 என்கிறார்கள். அந்தப் புள்ளி ஆறு உடம்பிலிருந்து வந்ததல்ல. ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் 1868-இல் ஏராளமான நோயாளிகளின் அக்குள் சூட்டைப் பார்த்து, மனித உடம்பின் வழக்கமான சூடு ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ் என்று எழுதினார். 37-ஐ ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 98.6. அவருடைய 'ஏறக்குறைய' வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது. புள்ளி ஆறு மட்டும் வந்து சேர்ந்தது. இன்று 98.7 காட்டினால் பேரனைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று வீட்டில் ஆலோசனை நடக்கிறது.

டிகிரியில் வேறொரு குழியும் உண்டு. 'நாளை வெப்பம் 2 டிகிரி உயரும்' என்ற செய்தியைப் பேரன் மாற்றிப் பார்த்து, "35.6 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறப்போகுது தாத்தா!" என்று ஓடிவந்தான். கைப்பேசி பொய் சொல்லவில்லை. 2 டிகிரி செல்சியஸ் குளிரில் தெர்மாமீட்டர் 35.6 ஃபாரன்ஹீட் காட்டும்தான். ஆனால் 2 டிகிரி ஏற்றம் என்பது 3.6 ஃபாரன்ஹீட் ஏற்றம். 32-ஐக் கூட்டுவது இருக்கும் சூட்டைச் சொல்ல, ஏறும் சூட்டைச் சொல்ல அல்ல. அவனை உட்கார வைத்து விளக்கினேன். "அதை ஆப் கேக்கவே இல்லையே" என்றான். நியாயம்தான்.

டொராண்டோவில் இருக்கும் என் தங்கை வாரா வாரம் பேசுவாள். எங்கள் இருவருக்கும் சர்க்கரை. "அண்ணா, காலைல வெறும் வயித்துல ஏழு" என்றாள் ஒருநாள். பக்கத்தில் இருந்த என் மனைவிக்கு மூச்சு நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் 126 என்றாலே முகம் சுளிப்போம். ஏழு என்றால் ஆள் இருக்கவே முடியாது. கனடாவில் மில்லிமோல் கணக்கு. அதை 18-ஆல் பெருக்கினால் நம்முடைய மில்லிகிராம் கணக்கு வரும். ஏழு என்பது 126-தான். அதோடு விட்டதா? மறுமாதம் எனக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை, அதிலும் ஏழு. "உனக்கும் ஏழு, எனக்கும் ஏழு, அப்பா ஜீன்" என்று தங்கை சிரித்தாள். ஆனால் என்னுடைய ஏழு சதவீதம், அவளுடைய ஏழு மில்லிமோல். சதவீதக் கணக்கில் ஏழுக்குச் சராசரிச் சர்க்கரை 154 வாக்கில் வரும். ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு, இருவரும் ஒரே நிலையில் இருப்பதாக நினைத்து, இருவரும் ஆளுக்கொரு லட்டு சாப்பிட்டோம்.

அந்தக் கனடாவிலேயே எந்தப் படி என்று கேட்காததால் ஒரு விமானம் வானத்தில் எண்ணெய் தீர்ந்து நின்றது. 1983 ஜூலை 23, ஏர் கனடாவின் போயிங் 767, மாண்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டன். அந்த நாடு அப்போதுதான் மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த விமானம் கிலோகிராமில் கணக்குப் போடும் புது ரகம். எரிபொருள் அளவு காட்டும் கருவி வேலை செய்யவில்லை. அதனால் கோலை விட்டு அளந்து பார்த்தார்கள், தொட்டியில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்கு 22,300 கிலோ வேண்டும். லிட்டரைக் கிலோ ஆக்க 0.8-ஆல் பெருக்கியிருக்க வேண்டும். அவர்கள் பழக்கப்படி 1.77-ஆல் பெருக்கினார்கள். அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற கணக்கு. இருந்த ஆறாயிரத்துச் சொச்சம் கிலோ காகிதத்தில் பதின்மூவாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. இருபதாயிரம் லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர் ஊற்றினார்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எதிலும் பிழை இல்லை. ஒருவருக்கு மேல் சரிபார்த்ததிலும் பிழை தெரியவில்லை. பாதி வழியில் இரண்டு எந்திரங்களும் அணைந்தன. விமானி பியர்சனுக்கு எந்திரமில்லாத கிளைடர் ஓட்டிப் பழக்கம் இருந்தது. கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படை ஓடுதளத்தில், அன்று கார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்த இடத்தில், அவர் சறுக்கி இறக்கிவிட்டார். 69 பேரும் பிழைத்தார்கள். 1999-இல் செவ்வாய்க்குப் போன நாசாவின் விண்கலம் ஒன்றுக்கு அப்படி ஒரு பியர்சன் வாய்க்கவில்லை. ஒரு தரப்பு பவுண்டு விசையில் எழுதியதை இன்னொரு தரப்பு நியூட்டன் என்று படித்தது. கலம் போயே போயிற்று.

நாங்கள் தரையில் இருப்பவர்கள். எங்களுக்கு விபத்தெல்லாம் நிலத்தில்தான் வரும்.

ஊரில் தாத்தா வழியில் வந்த ஒரு துண்டு நிலம் உண்டு. வருமானம் இல்லை, வாய்தா உண்டு. அதை விற்றுவிடலாம் என்று மகன் சொன்னான். பெங்களூரில் வேலை பார்க்கும் ஓர் இளந்தம்பதி, இயற்கை விவசாயத்தில் நாட்டம் உள்ளவர்கள், வாங்க வந்தார்கள். தரகர் இருதரப்புக்கும் பொது. விலை சதுர அடிக்கு 300 ரூபாய் என்று முதல் நாளே பேசி முடிந்தது. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று: எத்தனை சதுர அடி?

தாத்தாவின் பத்திரத்தில் 'நஞ்சை மா 1' என்றிருந்தது. எங்கள் பக்கம் ஒரு மா என்பது நூறு குழி. குழி என்பது பன்னிரண்டடிக் கோலின் சதுரம், 144 சதுர அடி. ஆக 14,400. அப்பா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் '33 சென்ட்'. சென்ட் 435.6 சதுர அடி. பெருக்கினால் 14,375-க்குச் சற்றுக் குறைவு. மூன்று மா ஓர் ஏக்கர் என்று ஊரில் வாய்வழக்கம், அதில் வந்த முப்பத்துமூன்று அது. உண்மையில் மூன்று மா 43,200 சதுர அடி, ஏக்கர் 43,560. அந்த 360 சதுர அடியில் சென்னையில் ஒரு குடும்பம் குடித்தனம் நடத்துகிறது. எங்கள் ஊரில் அது பேச்சுவாக்கில் போகிறது. எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது வந்த யு.டி.ஆர். பட்டாவிலோ '0 ஹெக்டேர் 13.50 ஏர்'. ஓர் ஏர் நூறு சதுர மீட்டர். அப்படியென்றால் 1,350 சதுர மீட்டர்.

தரகரின் உதவியாளப் பையன் கைப்பேசியை எடுத்து, ஒரு மீட்டர் 3.28 அடி என்று தெரிந்தவன் ஆதலால், 1,350-ஐ 3.28-ஆல் பெருக்கி 4,428 சதுர அடி என்றான். மூன்றில் இரண்டு பங்கு நிலம் வெயிலில் ஆவியாகிவிட்டது. பெங்களூர்த் தம்பதி முகத்தில் ஒரு மலர்ச்சி. என் பேரன் பாய்ந்தான். "நீளத்தைத்தான் 3.28-ஆல பெருக்கணும். பரப்புக்கு அதையே ரெண்டு தடவை பெருக்கணும். துல்லியமா 10.76391." அவன் கணக்கில் 14,531.28 வந்தது. தரகர் அவனை மரியாதையோடு பார்த்து, "தம்பி என்ன படிக்குது?" என்றார்.

இப்போது மூன்று விடை. சின்னதுக்கும் பெரியதுக்கும் 156 சதுர அடி வித்தியாசம். பேசிய விலையில் நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம். வாங்குபவர் பாகப்பிரிவினைப் பத்திரத்தை நம்பினார். விற்கும் என் மகன் பட்டாவை நம்பினான். நான் தாத்தாவை நம்பினேன், அது யாருக்கும் பயன்படவில்லை. புள்ளிக்குப் பின்னாலிருந்த 28-ஐ விட்டுக்கொடுக்கத் தயார் என்று பேரன் பெருந்தன்மையோடு சொன்னான்.

அப்புறம்தான் யாரோ, "அளந்து பார்த்துடலாமே" என்றார்கள். மூன்று காலில் நிற்கும் கருவியோடு ஒரு தனியார் சர்வேயர் வந்தார். வயலின் நான்கு மூலையிலும் குறி வைத்து மில்லிமீட்டர் வரை பார்த்தார். அவர் சொன்னது 14,100. பட்டா, பத்திரம், குழி எதற்கும் பொருந்தாத நான்காவது விடை. கிழக்குப் பக்கத்து வரப்பு நான் சிறுவனாக இருந்தபோது புளியமரத்துக்கு அந்தண்டை இருந்தது, இப்போது இந்தண்டை. வரப்புக்குக் காலில்லை என்றாலும் ஒவ்வொரு மழைக்கும் ஒரு மண்வெட்டி தூரம் நடந்திருக்கிறது. பக்கத்து வயல்காரர் வரப்பிலேயே நின்று எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் சித்தப்பா, இது நம்ம எடம்தானே?" என்று என் மகன் கேட்டான். "ஏன்டாப்பா, நெலம் என்ன ஓடியா போவுது? இங்கதானே கெடக்கு" என்றார். யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை.

சர்வேயரின் காகிதத்தையும் கீழே வைத்த பிறகு தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சார், அடியெல்லாம் விடுங்க. நெலத்தப் பாத்தாச்சு, நாலு வரப்பும் தெரியுது. மொத்தமா ஒரு வெல சொல்லுங்க." நாற்பத்திரண்டு லட்சம் என்று ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பேரன் அதை 14,531.28-ஆல் வகுத்து, சதுர அடி 289 ரூபாய் 3 காசு என்று அறிவித்தான். பெங்களூர்த் தம்பதி 14,100-ஆல் வகுத்து, கிட்டத்தட்ட 298 ரூபாய் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் வருத்தம், அதனால் பேரம் நியாயம் என்று தரகர் தீர்ப்பு சொன்னார்.

பத்திர எழுத்தர் மா, சென்ட், ஏர், சதுர அடி நான்கையும் ஒன்று விடாமல் எழுதினார். எழுதிவிட்டு, வடக்கே வாய்க்கால், தெற்கே கப்பி ரோடு, மேற்கே கோயில் நிலம், கிழக்கே மேற்படி சித்தப்பா என்று நான்கெல்லை போட்டு, 'இதற்குட்பட்டது' என்று முடித்தார். அவருக்குக் கூலி பக்கக் கணக்கில். அளவுகளை விவரித்த வகையில் ஒரு பக்கம் கூடியிருந்தது.